பதினாறாம் நாளுக்குப் பிறகு

சாவு விழுந்த வீட்டில் முதல் நாள் யாரும் தனியாக இருப்பதில்லை. நம் தோட்டப்புறத்தில் அது எழுதாத சட்டம். செய்தி எட்டியதும் லயத்து வாசலில் பந்தல் எழும்பிவிடும். அடுத்த வீட்டு அக்கா பெரிய பானையில் கோப்பி கலக்குவார். சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பதால் நான்கு வீட்டுச் சோறு அங்கே வந்து சேரும். பகாவிலிருந்தும் தம்பினிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். பெண்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள். ஆண்கள் வாசலில் உட்கார்ந்து இரவு முழுவதும் கண் விழிப்பார்கள்.

மூன்றாம் நாள் பால் தெளிப்பார்கள். பதினாறாம் நாள் கருமாதி. அன்றைக்கும் கூட்டம் இருக்கும், சாப்பாடு இருக்கும், துணி எடுத்துக் கொடுப்பது இருக்கும். பிறகு பந்தலைப் பிரித்து, இரவல் வாங்கிய நாற்காலிகளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வந்தவர்கள் "தைரியமா இரும்மா, நாங்க இருக்கோம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

பதினேழாம் நாள் காலையில் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று நீங்கள் நினைத்துப் பார்த்ததுண்டா?

நான்கு மணிக்குப் பழக்கதோஷத்தில் அந்த அம்மாள் எழுந்துவிடுவாள். இரண்டு கோப்பை எடுத்து வைப்பாள். பிறகு ஒன்றைத் திரும்ப எடுத்து அலமாரியில் கவிழ்ப்பாள். கணவனின் சட்டை இன்னும் ஆணியில் தொங்கும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், அவளுக்கு வேலை. பிரட்டுக்குப் போனால் எல்லோரும் பழையபடி பேசிக் கொள்வார்கள். அவளைக் கண்டதும் மட்டும் பேச்சு நின்றுவிடும். அவளை வருத்தக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் ஒருவரும் அவர் பெயரை எடுக்கமாட்டார்கள். அவளோ, யாராவது அந்தப் பெயரை ஒரு தரம் சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிக் கொண்டிருப்பாள்.

இந்த வீடு யாருடையது என்று கேட்காதீர்கள். உங்கள் வரிசையிலும் ஒன்று இருக்கும். நீங்கள் தாமானுக்கோ அடுக்குமாடிக்கோ குடிபோயிருந்தால் அங்கேயும் இருக்கும். லயத்தில் இருந்தவரை பலகைச் சுவருக்கு அப்பால் யாரேனும் இரவில் விம்மினால் காதில் விழும். கல்வீட்டில் அதுவும் கேட்பதில்லை.

பதினாறு நாளைக்கு மேல் துக்கத்தை எங்கே கொண்டு போய் இறக்கி வைப்பது? நாம் பேசப் போவது அதைப் பற்றித்தான்.

கூட்டம் கூட முடியாமல் போன காலங்கள்

துக்கத்துக்குத் துணை வேண்டும் என்பதை நெகிரி செம்பிலான் மண் பட்டுத்தான் தெரிந்து கொண்டது. மூன்று காலங்களை நினைவுபடுத்துகிறேன்.

முதலாவது சயாம் ரயில். ஜப்பானியர் ஆட்சியில் 1942, 1943 ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டு போகப்பட்டார்கள். நெகிரி செம்பிலான் தோட்டங்களும் தப்பவில்லை. சிலரைக் கூலியும் அரிசியும் காட்டி அழைத்தார்கள். சிலரை வழியில் மறித்து லாரியில் ஏற்றினார்கள். சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் தண்டவாளம் 1943 அக்டோபரில் முடிந்தது. காலரா, மலேரியா, வயிற்றுக்கடுப்பு, பட்டினி, அடி என்று அங்கே மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது. காஞ்சனாபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்காக ஒரு மயானம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயர் பொறித்திருக்கிறது. நம்மவர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் கிடைக்கவில்லை.

இங்கே லயத்தில் காத்திருந்த பெண்களுக்கு உடலும் வரவில்லை, தேதியும் வரவில்லை. கணவன் இருக்கிறானா போய்விட்டானா என்பதே தெரியாதபோது எந்த நாளைப் பதினாறாம் நாளாக எண்ணுவது? தாலியைக் கழற்றுவதா, வைத்துக் கொள்வதா? அந்தத் தலைமுறையில் பலர் பேசாமலே வாழ்ந்து பேசாமலே போனார்கள்.

இரண்டாவது 1998, 1999. போர்ட்டிக்சன் மாவட்டத்தில் புக்கிட் பிளாண்டோக் பக்கம் பன்றிப் பண்ணைகளில் பரவிய காய்ச்சல். முதலில் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்தார்கள். 1999 மார்ச்சில்தான் அது புதிய கிருமி என்று மலாயாப் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. நாட்டில் 265 பேர் நோயில் விழுந்தார்கள். 105 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பண்ணை வைத்திருந்த சீனக் குடும்பத்தார். அங்கே வேலை செய்த இந்தியர்களும் நோய்க்கு ஆளானார்கள். கிராமங்கள் காலியாயின. சனங்கள் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்து போனார்கள். அப்பாவை இழந்த வீட்டுக்குப் பக்கத்து வீடு இல்லை. பக்கத்து வீடு இருந்தாலும் அங்கேயும் ஒரு சாவு.

மூன்றாவது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும் கோவிட் காலம். 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. நோயில் இறந்தவரை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்த முடியவில்லை, குளிப்பாட்ட முடியவில்லை. விரல்விட்டு எண்ணக் கூடியவர்கள் தூரத்தில் நின்று வழியனுப்பினார்கள். பந்தல் இல்லை, ஒப்பாரி இல்லை, வாசலில் கண் விழிக்க ஆளில்லை. அந்த நாட்களில் தாயைப் பறிகொடுத்த பிள்ளைகள் சிலர், "இன்னும் அம்மா ஆஸ்பத்திரியில இருக்கிற மாதிரியே இருக்கு" என்று சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

மூன்று காலத்திலும் மரணம் ஒரு பக்கம் அடித்தது. துக்கத்தைப் பகிர்ந்து கொள்ளும் கூட்டம் இல்லாமல் போனது மறுபக்கம் அடித்தது. முதலாவதை நம்மால் தடுக்க முடியாது. இரண்டாவதற்கு ஏதாவது செய்யலாம்.

இரண்டு வீட்டார் சந்தித்த கதை

இங்கிலாந்தில் கவெண்ட்ரி என்ற ஊர். 1968-ல் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் இரண்டு சிறுவர்கள் கிடந்தார்கள். ஒருவன் கென்னத் லாலி. சாலை விபத்தில் அடிபட்டவன். இன்னொருவன் பில்லி ஹெண்டர்சன், புற்றுநோய்க்காரன். சில நாள் இடைவெளியில் இருவரும் இறந்து போனார்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் சைமன் ஸ்டீபன்ஸ் என்ற இளம் பாதிரியார் இருந்தார். இரண்டு பெற்றோருக்கும் தம்மால் இயன்ற ஆறுதலைச் சொல்லிக் கொண்டிருந்தார். பில்லியின் இறுதிச் சடங்குக்கு லாலி வீட்டார் பூ அனுப்பினார்கள். நன்றி சொல்ல ஹெண்டர்சன் வீட்டார் கூப்பிட்டார்கள். இரண்டு தம்பதிகளும் சந்தித்துத் தேநீர் குடித்தபடி பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள், அழுதார்கள். படித்த பாதிரியார் சொன்ன ஆறுதலைவிட, அதே அடி பட்ட இன்னொரு தாய் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவர்களுக்கு அதிகம் உதவியது. பாதிரியாரும் அதை ஒப்புக்கொண்டார். 1969 ஜனவரியில் அவர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். 'பரிவுள்ள நண்பர்கள்' என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். பிள்ளையை இழந்த பெற்றோரை, பிள்ளையை இழந்த பெற்றோரே பார்த்துக்கொள்ளும் சங்கம். இன்றைக்கு அது பல நாடுகளில் இருக்கிறது.

அதற்கும் முன்பே, 1959-ல், மார்கரெட் டாரி என்ற அம்மையார் இங்கிலாந்தில் விதவைகளுக்காக 'க்ரூஸ்' என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார். 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஃபிலிஸ் சில்வர்மன் என்பவர், முன்பே கணவனை இழந்து தேறிய பெண்களைப் புதிதாக இழந்த பெண்களின் வீடுகளுக்கு அனுப்பி வைத்தார். "நானும் இந்த வழியில்தான் வந்தேன்" என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால் போதும் என்பதுதான் இவர்கள் எல்லோரும் கண்ட உண்மை.

இது வெள்ளைக்காரன் சங்கதி, நமக்கு எதற்கு என்று கேட்கலாம். ஒப்பாரியை யோசித்துப் பாருங்கள். வருகிற பெண் ஒவ்வொருத்தியும் செத்தவரை மட்டுமா சொல்லி அழுகிறாள்? பத்து வருடத்துக்கு முன் போன தன் தாயையும், பிறந்ததும் போன தன் பிள்ளையையும் சேர்த்தல்லவா அழுகிறாள்? சாவு வீட்டில் அவளுக்கும் இடம் கிடைக்கிறது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரில் நொந்த தமிழர்களுக்கு நீண்ட காலம் வைத்தியம் பார்த்தவர். ஒப்பாரி முதலான சாவுச் சடங்குகள் துயரத்தை வெளியே கொட்டி ஆற்றிக்கொள்ள நம் சமூகம் வைத்திருக்கும் வழி என்று அவர் எழுதியிருக்கிறார். போர் அந்தச் சடங்குகளையும் செய்யவிடாமல் தடுத்தது பெரிய கேடு என்பது அவர் கண்டது. ஆக, கூடி அழுவது நமக்குப் புதிதல்ல. பதினாறு நாளோடு நிறுத்திவிடுகிறோம், அவ்வளவுதான்.

துயரம் படிப்படியாகவா போகும்?

துக்கத்துக்கு ஐந்து படி உண்டு, ஒன்றை ஏறி அடுத்ததற்குப் போக வேண்டும் என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1969-ல் எலிசபெத் கூப்ளர் ராஸ் என்ற மருத்துவர் எழுதிய புத்தகத்திலிருந்து வந்த பேச்சு அது. அவர் பேசிப் பார்த்தது சாகக் கிடந்த நோயாளிகளிடம். பின்னால் வந்தவர்கள்தான் அதை இழந்து நிற்பவர்களுக்கு ஓர் அட்டவணை போல ஆக்கிவிட்டார்கள். துயரம் அட்டவணைப்படி வருவதில்லை.

1999-ல் நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்களான ஸ்ட்ரூபே அம்மையாரும் ஸ்கூட் என்பவரும் வேறு விதமாகச் சொன்னார்கள். துக்கம் ஊஞ்சல் மாதிரி. ஒரு நேரம் போனவரை நினைத்துக் கலங்குகிறோம். இன்னொரு நேரம் கரண்டு பில் கட்டுகிறோம், பிள்ளைக்குச் சப்பாத்து வாங்குகிறோம், ஏதோ ஒரு நகைச்சுவைக்குச் சிரிக்கவும் செய்கிறோம். மறுபடி கலக்கம். இரண்டு பக்கமும் போய் வருவதுதான் இயற்கை. எப்போதும் அழுதுகொண்டே இருப்பதும் கஷ்டம், அழவே மாட்டேன் என்று இறுக்கிக் கட்டுவதும் கஷ்டம்.

ஆகவே சிரிக்கிற விதவையைப் பார்த்து "புருஷன் போய் ஆறு மாசம் ஆகல, பாரு!" என்று முணுமுணுக்காதீர்கள். ஒரு வருடம் கழித்துத் தீபாவளிக்கு முதல் நாள் அழுகிறவரைப் பார்த்து "இன்னுமா?" என்றும் கேட்காதீர்கள்.

துக்கம் மனத்தோடு நிற்பதுமில்லை. இங்கிலாந்தில் மனைவியை இழந்த 55 வயதுக்கு மேற்பட்ட 4,486 ஆண்களைப் பின்தொடர்ந்து பார்த்து 1969-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதல் ஆறு மாதத்தில் அவர்களில் இறந்தவர்கள், அதே வயது மற்ற ஆண்களைவிட 40 விழுக்காடு அதிகம். இருதய நோயில் போனவர்களே அவர்களில் மிகுதி. "கிழவி போன கையோடு கிழவனும் போய்ட்டாரு" என்று தோட்டத்தில் பேசிக் கொள்வது வெறும் பேச்சில்லை. நீரிழிவு மருந்தை, இரத்த அழுத்த மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுத்த கை போய்விட்டது. நேரத்துக்குச் சோறில்லை, தூக்கமில்லை. யாராவது கவனிக்க வேண்டாமா?

எப்படித் தொடங்குவது?

பெரிய சங்கம் வேண்டாம். பதிவு, தலைவர், பொருளாளர், மாலை மரியாதை ஒன்றும் வேண்டாம். ஆறிலிருந்து பத்துப் பேர் போதும். கீழே சொல்பவற்றை உங்கள் இடத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

இடம். சாவு நடந்த வீடு வேண்டாம். அங்கே வந்தால் உபசரிக்க வேண்டுமே என்று அந்த அம்மாள் அடுப்படிக்குப் போய்விடுவாள். கோயில் மண்டபம் வசதிதான். ஆனால் தீட்டு என்று வருடம் திரும்பும்வரை கோயில் பக்கம் போகாதவர்கள் இருக்கிறார்கள். கிறிஸ்துவர், முஸ்லிம் குடும்பங்களும் நம்மோடு இருக்கின்றன. ஆகவே தமிழ்ப்பள்ளி வகுப்பறையோ சமூக மண்டபமோ உத்தமம். தலைமையாசிரியரை ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும்.

நேரம். மாதம் ஒரு முறை, ஒரே கிழமை, ஒரே நேரம். முதல் ஞாயிறு மாலை நான்கு மணி என்றால் எப்போதும் அதுதான். மழை பெய்தாலும், இரண்டே பேர் வந்தாலும் கதவு திறந்திருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் எல்லோரும் களைத்துப் போவார்கள்.

நடத்துகிறவர். இருவர் இருந்தால் நல்லது. அவர்களும் இழந்தவர்களாக இருக்க வேண்டும். ஆனால் ஒன்றிரண்டு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். புண் ஆறாதவரிடம் மற்றவர் புண்ணைப் பார்க்கச் சொல்வது கொடுமை. பேச்சாளர் வேண்டாம். கேட்கத் தெரிந்தவர் வேண்டும்.

உட்காரும் விதம். வட்டமாக. மேடை, மைக் வேண்டாம்.

தொடக்கம். ஒவ்வொருவரும் தம் பெயரையும் போனவர் பெயரையும் சொல்லட்டும். "நான் இன்னார். எம் மவன் பேரு இன்னது. போய் எட்டு மாசமாச்சு." இவ்வளவே. வெளியே ஒருவரும் உச்சரிக்காத பெயர் இங்கே சத்தமாகக் கேட்கும். அதற்காகவே வருகிறவர்கள் உண்டு.

சில விதிகளை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

இங்கே பேசியது இங்கேயே இருக்க வேண்டும். தோட்டத்தில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். பேச்சு கடைத்தெருவுக்குப் போய்விட்டால் அடுத்த மாதம் ஒருவரும் வரமாட்டார்கள்.

பேசப் பிடிக்காதவர் பேச வேண்டாம். சும்மா உட்கார்ந்து போகலாம். மூன்று மாதம் சும்மா உட்கார்ந்தவர் நான்காம் மாதம் பேசக்கூடும்.

கேட்காமல் புத்தி சொல்லக் கூடாது. எவருடைய துக்கம் பெரியது என்று அளக்கவும் கூடாது. தொண்ணூறு வயதுத் தாயை இழந்தவருக்கும் அவள் தாய்தான். தற்கொலையில், குடியில், சண்டையில் போனவருடைய குடும்பத்தாருக்கும் அதே நாற்காலி. அவர்களிடம் காரணம் விசாரிக்காதீர்கள். ஊர் விசாரித்தது போதும்.

கட்சி வேண்டாம், மதப் பிரசாரம் வேண்டாம், சீட்டுப் பிடிப்பது, சாமான் விற்பது வேண்டவே வேண்டாம்.

கடைசியில் கோப்பியும் பிஸ்கட்டும். அழுதவர் முகம் கழுவி, கொஞ்சம் ஊர்ப்பேச்சு பேசி, வெளிச்சத்தோடு வீடு போக வேண்டும். வண்டி இல்லாதவரை யார் கொண்டு விடுவது என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

இந்த வட்டத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. சொக்சோவில் சார்ந்தோர் பென்சன், இபிஎப் பணம், மரணப் பத்திரம், பிள்ளைகளின் பள்ளி உதவி என்று எத்தனையோ காகித வேலை. புதிதாக இழந்தவருக்கு மூளை ஓடாது. போன வருடம் அதே வாசல்களை ஏறி இறங்கியவர் பக்கத்தில் இருந்தால், "நாளைக்கு சிரம்பான் போறேன், வாங்கக்கா சேர்ந்து போவோம்" என்பார். நூறு ஆறுதல் வார்த்தைக்கு அது சமம்.

விதவையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொட்டு வைப்பதா வேண்டாமா, கல்யாண வீட்டில் முன்னால் நிற்பதா பின்னால் நிற்பதா என்று அவளைப் பற்றி மற்றவர்கள் முடிவு செய்தது போதும். இந்த வட்டத்தில் அவள் எப்படி வருகிறாளோ அப்படி வரட்டும்.

ஆண்கள் எங்கே?

கூட்டம் என்று அறிவித்தால் பெண்கள் வருவார்கள். ஆண்கள் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் அப்படியே போய்விடுவார்கள். அவர்களுக்கு அழக் கற்றுக் கொடுத்தவர் யாரும் இல்லை. "ஆம்பள அழுவுறானா?" என்று அடக்கிய அழுகை பலருக்குப் போத்தலில் போய் முடிகிறது. மனைவி போன பிறகு குடித்தே கெட்டவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

முகத்துக்கு முகம் பார்த்துப் பேச வராதவர்களுக்குக் கையில் ஒரு வேலை கொடுங்கள். பள்ளி வேலிக்குச் சாயம் பூசலாம். மயானத்தில் புல் வெட்டலாம். நெகிரி செம்பிலானில் புல் மண்டிக் கிடக்கும் பழைய தோட்ட மயானங்கள் கொஞ்சமா? இரண்டு பேர் சேர்ந்து வெட்டும்போது, கத்தியைத் தீட்டுகிற சாக்கில், வராத வார்த்தை வந்துவிடும். ஆப்பிரிக்காவில் சிம்பாப்வே நாட்டில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-ல் ஒரு திட்டம் தொடங்கினார். சுகாதார நிலையத்து மரத்தடியில் ஒரு பெஞ்சு. அதில் பயிற்சி பெற்ற ஒரு பாட்டி. மனம் நொந்தவர்கள் வந்து பாட்டியிடம் பேசுவார்கள். பேசித் தேறியவர்கள் பிறகு குழுவாகக் கூடிப் பை பின்னிக்கொண்டே ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்கிறார்கள். 2016-ல் வெளியான ஆய்வில் 573 பேரைச் சேர்த்துப் பார்த்தார்கள். பாட்டியிடம் பேசியவர்களின் மனச்சோர்வு மற்றவர்களைவிட நன்றாகவே குறைந்திருந்தது. அது சாவுத் துக்கத்துக்கென்றே வைத்த திட்டம் அல்ல. ஆனாலும் மனத்தை ஆற்றப் பட்டமும் கட்டடமும் கட்டாயமில்லை, பயிற்சியும் பொறுமையும் இருந்தால் நடக்கும் என்பதற்கு அது சாட்சி. நம் தோட்டங்களில் பாட்டிகளுக்கும் பஞ்சமில்லை, மரத்தடிக்கும் பஞ்சமில்லை.

வட்டம் போதாதபோது

எல்லோருக்கும் இப்படிப்பட்ட கூட்டம் தேவை என்று சொல்லமாட்டேன். பெரும்பாலோர் குடும்பத்தின் துணையோடும் காலத்தின் துணையோடும் தாமே தேறிவிடுகிறார்கள். விரும்பாதவரை இழுத்துக்கொண்டு வராதீர்கள். விரும்புகிறவருக்குக் கதவு திறந்திருந்தால் போதும்.

சிலருக்குக் கூட்டமும் போதாது. ஆறு மாதம், ஒரு வருடம் கடந்த பிறகும் முதல் நாள் போலவே கிடப்பது, வேலைக்கும் போகாமல் பிள்ளைகளையும் கவனிக்காமல் இருப்பது, வாழ்ந்து என்ன பயன் என்று பேசுவது ஆகியவை மருத்துவரைப் பார்க்க வேண்டிய அறிகுறிகள். உலக சுகாதார நிறுவனம் இதை 'நீடித்த துயரம்' என்று தனி நோயாகவே பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2022 முதல் அந்தப் பட்டியல் நடப்பில் இருக்கிறது. இதற்கு வைத்தியம் உண்டு. அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் முதலில் சொல்லலாம். தேவையென்றால் அவர்களே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். மன வைத்தியம் என்றால் பைத்தியம் என்று நினைத்த காலம் போகட்டும்.

சாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால், விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று விடாதீர்கள். ஆறு மாதம் காத்திருக்கவும் வேண்டாம். அன்றே பக்கத்தில் உட்காருங்கள், நேராகவே கேளுங்கள். கேட்டால் எண்ணம் வளரும் என்பது தவறான பயம். அவரைத் தனியே விடாமல் உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற சட்டப் பிரிவு நம் நாட்டில் 2023-ல் நீக்கப்பட்டுவிட்டது. போலீஸ் வரும் என்று அஞ்சி மறைக்க வேண்டியதில்லை. கோலாலம்பூரில் 1970 முதல் இயங்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் எந்நேரமும் கூப்பிடலாம். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. அவசரம் என்றால் 999. இந்த எண்களை நாள்காட்டியின் ஓரத்தில் இன்றே எழுதி வையுங்கள். தேவைப்படும் நேரத்தில் தேட முடியாது.

நீங்கள் செய்யக் கூடியது

கூட்டம் அமைக்க ஆளில்லை, இடமில்லை என்றாலும் உங்களால் ஒன்று செய்ய முடியும். அடுத்த தடவை கருமாதிச் சாப்பாடு சாப்பிட்டுக் கை கழுவும்போது, நாள்காட்டியில் மூன்று நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பதினேழாம் நாள், நாற்பதாம் நாள், அடுத்து வரும் தீபாவளிக்கு முதல் நாள். அந்த மூன்று நாளும் அந்த வீட்டு வாசற்படியில் போய் உட்காருங்கள். கையில் ஒரு தூக்குச்சட்டியில் குழம்பு இருந்தால் நல்லது.

என்ன பேசுவது என்று தயங்க வேண்டாம். "விதி முடிஞ்சிருச்சு" என்று சொல்லாதீர்கள். பிள்ளையை இழந்தவளிடம் "உனக்கென்ன, இன்னும் ரெண்டு இருக்கு" என்று சொல்லவே சொல்லாதீர்கள். "அழாதே" என்றும் வேண்டாம். "அண்ணி, அண்ணன் திருவிழாவுக்குக் காவடி தூக்குனது இன்னிக்கு நெனப்பு வந்துச்சு" என்று சொல்லிப் பாருங்கள். அவள் அழுவாள். அழுதுகொண்டே உங்களுக்குத் தெரியாத இன்னொரு கதையைச் சொல்வாள். நடுவில் சிரிப்பாள். நீங்கள் புறப்படும்போது, "மறுபடி வாங்க" என்பாள்.

போங்கள். போகும்போது, போன வருடம் இழந்த இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மூன்று பேர் சேர்ந்துவிட்டால் அதுவே வட்டம்.